பத்துத் தடவை பார்த்த பிறகும் ஏன் நம்பிக்கை வருவதில்லை?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். பேராதனையில் பட்டம் முடித்து, இப்போது நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் நான் எழுதிய சிங்களக் கடிதமொன்றில் எழுத்துப் பிழை இருந்தது. மேலதிகாரி ஒருவர் அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, மற்றவர்களுக்கும் காட்டிச் சிரித்தார். அதிலிருந்து சின்னக் கடிதம் என்றாலும் எட்டு, பத்துத் தடவை வாசிக்கிறேன். போனில் படம் எடுத்து வைத்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது. கவுண்டருக்கு வரும் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது மட்டும் பயமே வருவதில்லை. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்கு இரண்டு முறை விண்ணப்பம் நிரப்பியும் அனுப்பாமல் விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றே தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னால், ‘நாற்காலியில உக்காந்து வேல பாக்குற, இதுல என்ன பயம்’ என்கிறார். பிழையே விடாமல், பயமில்லாமல் வேலை செய்ய என்ன வழி? அம்மாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தங்கச்சி, பிழையே விடாமல் வேலை செய்யும் வழி என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் பிசைவது அதில் போனதால் வந்ததுதான்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பவும் போய் நின்ற இடம் அந்தக் கவுண்டர். யாரோ ஒரு பாட்டி வருகிறார், கையில் சிங்களத்தில் அச்சடித்த படிவம், ஒரு பக்கமும் விளங்கவில்லை. நீங்கள் வாங்கி, பெயர், விலாசம், கிராம சேவகர் பிரிவு என்று கேட்டுக் கேட்டு எழுதி, இங்கே கைநாட்டு வையுங்கள் என்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். பத்துத் தடவை வாசிப்பதில்லை, போனில் படம் எடுப்பதில்லை. அதே சிங்களம்தான், அதே கைதான், கட்டடம்கூட மாறவில்லை. ஆக, உங்களுக்குச் சிங்களம் தெரியாது என்ற கதையை நான் நம்பத் தயாரில்லை. கவுண்டரில் உங்கள் கவனம் முழுக்கப் பாட்டியின் மேல் இருக்கிறது. மேசைக்குத் திரும்பிக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் அது உங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது, என்னை என்ன நினைப்பார்கள், எங்கே வட்டம் போடுவார்கள் என்று. பயம் வருவது மொழியால் அல்ல, பார்க்கிற கண்களால். இதை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிங்கள வகுப்புக்கு மேல் வகுப்பாகப் போய்க்கொண்டே இருப்பீர்கள், படபடப்பு குறையாது.

சரி, அந்தப் பத்துத் தடவை. ஒருமுறை வாசித்தால் பயம், பத்துமுறை வாசித்தால் தைரியம் என்றுதானே நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். 2003ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னப் பரிசோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. ஒரு கூட்டம் அதைத் திரும்பத் திரும்ப மூடி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்னொரு கூட்டம் மின்குமிழ்களை அதேபோலப் பார்க்கவேண்டும். கடைசியில் இரண்டு கூட்டமும் அடுப்பைப் பார்த்துவிட்டு, நீங்கள் கடைசியாகப் பார்த்தது எது என்று கேட்டபோது, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பார்த்துப் பார்த்துக் களைத்தவர்களுக்குத் தங்கள் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை குறைந்துபோயிருந்தது, பார்த்த காட்சியும் மங்கலாகியிருந்தது. ஞாபகம் கெடவில்லை, நம்பிக்கைதான் கெட்டது. கடிதத்தை ஏழாம் தடவை பார்க்கும்போது எழுத்துகள் எல்லாமே சந்தேகமாகத் தெரிவது உங்களுக்கு நடந்திருக்கும், சரியான சொல்கூடப் பிழைபோலத் தெரியும். மூளை மந்தமாகிவிட்டதாக அப்போது நினைக்கவேண்டாம். எட்டாம் தடவை பார்த்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

பஸ்ஸில் பார்க்கும் படம் இதைவிட மோசம். கடிதம் போய்விட்டது, திருத்த முடியாது, ஆனாலும் பார்க்கிறீர்கள். பிழை இல்லையென்றால் ஒரு நிமிடம் நிம்மதி. அந்த ஒரு நிமிட நிம்மதிதான் நாளைக்கும் உங்களைப் படம் எடுக்க வைக்கிறது. இன்று தப்பித்தது நான் பார்த்துப் பார்த்து எழுதியதால்தான் என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது, பார்க்காமல் விட்டிருந்தாலும் தப்பித்திருப்போமா என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு சந்தர்ப்பமும் நீங்கள் கொடுக்கவில்லை.

அந்தச் சிவப்புப் பேனைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் செய்தது பண்பில்லாத வேலை, அதை நீங்கள் உங்கள் நோய்க்குள் சேர்க்கத் தேவையில்லை. சிங்களத்தில் ல-வும் ள-வும், ன-வும் ண-வும் எழுத்தில் இரண்டு, பேச்சில் ஒன்று. பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிறவர்களே அதில் தடுக்கி விழுகிறார்கள், உங்கள் அலுவலகத்து ஃபைல்களைப் புரட்டினால் நிறையக் கிடைக்கும் (புரட்டவேண்டாம், அதுவும் இன்னொரு பரிசோதனையாகிவிடும்). அரச சேவையில் சேர்ந்தவர் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற அரசாங்கமே வருடக்கணக்கில் தவணை கொடுக்கிறது. நீங்கள் உங்களுக்கு ஒரு கிழமைகூடக் கொடுக்கவில்லை. அவர் தமிழில் ஒரு பந்தி எழுதினால் எத்தனை வட்டம் விழும் என்று கேட்க எனக்கும் ஆசைதான், ஆனால் அவரைத் திருத்துவது இந்தப் பதிலின் வேலை இல்லை.

எங்கள் பக்கத்தில் கடதாசியில் பிழை என்றால் ஏன் இவ்வளவு நடுக்கம் என்பதற்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்று நிரூபிக்கக் கடதாசி இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவர்களாகின. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு பக்கம், மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இழுபறி இன்னொரு பக்கம். இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எஃப். புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று, ஒரு எழுத்து மாறியதற்காகச் சேமலாபப் பணம் எடுக்க முடியாமல் அலைகிற பெரியவர்களை உங்கள் கவுண்டரிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரு எழுத்துப் பிழை வாழ்க்கையையே புரட்டும் என்று உங்கள் உடம்பு நம்புவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் பெயருக்கும் இலக்கத்துக்கும் உரியது. கூட்ட அறிவித்தலில் ள-வுக்குப் பதில் ல விழுந்ததால் யாரும் நாடற்றவர் ஆகப்போவதில்லை. பயம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

அடுத்தது, ‘ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்’ என்பது. 1978ஆம் ஆண்டே போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நன்றாகப் படித்து நல்ல இடத்தில் இருந்த பெண்கள் பலர், நான் ஏமாற்றி இங்கே வந்துவிட்டேன், பிடிபடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதியது. குடும்பத்திலேயே முதலாவதாக ஒரு படி ஏறியவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப்பார்க்க முன்னால் போனவர் யாரும் இல்லை, அதனால் எல்லாருக்கும் வரும் சாதாரணத் தடுமாற்றம்கூட ‘நான் இந்த இடத்துக்கு உரியவள் இல்லை’ என்பதற்கான சாட்சியாகத் தெரிகிறது.

உங்கள் அம்மாவுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் போட்ட கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். நோர்ம் என்கிற அந்த நாள் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு, 16, 18, 20 என்று, ஆனால் காலையில் சொன்ன கிலோதான் பின்னேரம் தராசில் பார்க்கிற கிலோ. உங்கள் மனதுக்குள் இருக்கிற கங்காணி அப்படி இல்லை. நீங்கள் 18 கிலோ கொண்டுவந்து கொட்டியதும், அடடா இது லேசான மலை, இங்கே 25 எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அரைப்பேர் போடுகிறார். பட்டம் முடித்தீர்கள், அது எல்லாரும் முடிக்கிற பட்டம் என்றார். அரச வேலை கிடைத்தது, அது அதிர்ஷ்டம் என்றார். பிழையில்லாத கடிதம் ஐம்பது போயிருக்கும், அவற்றுக்கு ஒரு பேரும் இல்லை. ஒக்ஸ்ஃபோர்டில் ஷஃப்ரன், கூப்பர், ஃபெயார்பேர்ன் ஆகிய மூவர் 2002இல் எழுதிய கட்டுரையொன்று இதைத்தான் சொல்கிறது: தன் மதிப்பு முழுவதையும் வைத்த இலக்கில் கட்டிவைத்திருப்பவர், இலக்கைத் தொட்டதும் ‘அப்படியானால் இலக்குத்தான் குறைவு’ என்று அதை உயர்த்திவிடுகிறார். ஆகவே இன்னும் கொஞ்சம் முயன்றால் திருப்தி வரும் என்று காத்திருக்காதீர்கள், அந்தத் தராசில் முழுப்பேர் விழாது.

இனிச் செய்யவேண்டியவை. பயம் குறைந்த பிறகு பரிசோதிப்பதைக் குறைக்கலாம் என்று நினைக்கவேண்டாம், வரிசை மறுபக்கம். முதலில் பழக்கத்தைக் குறைக்கவேண்டும், பயம் கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு மெதுவாகப் பின்னால் வரும்.

இந்தத் திங்கட்கிழமை உங்கள் மேசைக்கு வரும் வேலைகளில் சாதாரணமான கடிதம் ஒன்றை எடுங்கள், கூட்ட அறிவித்தல், நினைவூட்டல் மாதிரி. இரண்டே தடவை வாசியுங்கள். முதல் தடவை விடயத்துக்கு: திகதி, நேரம், இடம், யாருக்குப் போகிறது. இரண்டாம் தடவை மொழிக்கு. அதோடு கையெழுத்து வைத்துத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். படம் எடுக்கக்கூடாது. தட்டில் போடுவதற்கு முன் ஒரு கொப்பியில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை, ‘சேர் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்’ என்பதுபோல. வெள்ளிக்கிழமை அதற்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதல் நாட்களில் படபடப்பு கூடத்தான் செய்யும், கை போனுக்குப் போகும், திரும்ப எடுத்துப் பார்க்கச் சாட்டு ஆயிரம் கிடைக்கும். பார்க்காமல் இருந்தால் பெரும்பாலும் அது தானாகவே இறங்கும், அப்படி இறங்குவதை உடம்பு நேரில் கண்டால்தான் நம்பும், நான் எழுதி நம்பாது. இரண்டு மூன்று கிழமை போனதும் கொஞ்சம் கனமான கடிதங்களுக்கும் இதே இரண்டு தடவைதான்.

அது பழகியதும் இன்னொன்று. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சிங்களத்தில் ஒரு பதில் போடுங்கள், எழுதியதைத் திரும்பப் பார்க்காமல். பிழை கண்ணில் பட்டாலும் அழிக்கவேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், பணத்தொகை, இந்த மூன்றிலும் மட்டும் விளையாடவேண்டாம். அங்கே கவனம் நியாயமானது, ஆனால் கவனத்துக்கும் ஒரு முறை உண்டு. மூல ஆவணத்தில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒருமுறை ஒப்பிட்டு, பென்சிலால் சரி போடுங்கள். முடிந்தால் இன்னொருவர் வாசிக்க நீங்கள் பாருங்கள். அந்தப் பென்சில் அடையாளம் விழுந்த பிறகு கேள்வி முடிந்தது.

மொழிக்கு உதவி கேட்பதில் வெட்கமில்லை. பக்கத்து மேசைச் சிங்கள நண்பியிடம், ‘இந்த இடத்தில் எந்த ல வரும்’ என்று கேளுங்கள், அது படிப்பு. ‘கடிதம் பரவாயில்லையா, உண்மையாகவே பரவாயில்லையா, சேர் ஒன்றும் சொல்ல மாட்டாரே’ என்று கேட்பது வேறு. அது போனில் படம் பார்ப்பதன் தங்கச்சிதான், கேட்கக் கேட்க ஆசை கூடும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழைய உத்தி, போர்கோவெக் என்ற ஆய்வாளர் 1980களிலேயே பரிசோதித்தது: கவலைப்படுவதற்கென்று ஒரு நேரம். நாலரை மணிக்கு இருபது நிமிடம், கொப்பியோடு, எப்போதும் ஒரே இடத்தில், கட்டிலில் மட்டும் வேண்டாம். காலையில் கவலை வந்தால், நாலரைக்கு வா என்று ஒரு சொல்லைக் குறித்துவைத்துவிட்டுச் சட்டியைக் கழுவுங்கள். நாலரைக்குப் பார்த்தால் பாதி விடயம் ஆறிப்போயிருக்கும், மிச்சத்தில் திங்கட்கிழமை செய்யக்கூடியது எது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை சாயத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், உடம்பில் அது பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் போகும். ஆறு, ஏழு கோப்பை குடிக்கிறவருக்கு வரும் படபடப்பில் ஒரு பங்கு தேநீருடையது. பின்னேரம் மூன்றுக்குப் பிறகு குடிக்காமல் ஒரு கிழமை இருந்து பாருங்கள்.

பரீட்சை விண்ணப்பத்தைப் பொறுத்தவரை நான் இரக்கம் காட்டப்போவதில்லை. ஆயத்தமான பிறகு அனுப்புவேன் என்ற நிபந்தனை உங்களிடம் செல்லாது, ஏனென்றால் ஆயத்தம் என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கங்காணி. அடுத்த அறிவித்தல் வந்ததும் நிரப்பிய அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள், அதற்குப் பிறகு படியுங்கள். தவறினால் திரும்ப எழுதலாம். எழுதாமலே காலம் கடந்தால் சம்பள ஏற்றம் தடைபடும், அது உங்களுக்கும் தெரியும். இதைப் பயத்தோடுதான் செய்வீர்கள், பரவாயில்லை, தபால்காரருக்கு அது தெரியாது.

வைத்தியரிடம் போகவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் போகச் சொல்கிறேன், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, படபடப்புக்கு இரத்தச்சோகையும் தைரொய்டும்கூடக் காரணமாகலாம், தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டாவது, இந்தக் கவலை அநேக நாட்களில், ஆறு மாதத்துக்கு மேலாக, தூக்கத்தையும் வேலையையும் பிடித்து ஆட்டுகிறது என்றால் அது சிகிச்சை எடுக்கவேண்டிய அளவு. மாவட்ட வைத்தியசாலையிலும் பெரிய ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலக் கிளினிக் நடக்கிறது, காசு இல்லை. அங்கே போனால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பதற்றத்துக்காக வருகிறவர்கள் கதைத்துவிட்டு, தேவைப்பட்டால் மருந்து எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தவேண்டாம். பார்மசியில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் அலுவலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் இருக்கக்கூடும், பெரும்பாலான பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். நீங்கள் அவரிடம் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் யோசிப்பேன். கண்டிக்கோ பேராதனைக்கோ போகலாம், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. நடுச்சாமத்தில் தாங்க முடியாமல் போனால், அதிலும் இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினாலும், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

கடைசியாக அம்மா. அவர் சொல்வதில் கோபப்படாதீர்கள், மழையில் அட்டைக்கடியோடு மலையில் நின்றவருக்கு நாற்காலியில் என்ன பயம் என்றுதான் தோன்றும். பதற்றம், தன்னம்பிக்கை என்றெல்லாம் விளக்கவேண்டாம். ‘அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராவுக்குத் தூக்கம் இல்ல, டொக்டர்ட்ட காட்டணும்’ என்று சொல்லுங்கள், அது அவருக்கு உடனே விளங்கும். முதலில் திருநீறு போட்டு விடுவார், செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கூப்பிடுவார். போய்விட்டு வாருங்கள். கிளினிக் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு அதற்கும் அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.